டெஸ்டர் எரிந்தது, ஏசி ஓடவில்லை

2024 ஜூன் மூன்றாம் வாரத்தில் டெல்லியில் இருந்தவர்களுக்கு அந்த இரவுகளை விவரிக்க வேண்டியதில்லை. சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் குறைந்தபட்ச வெப்பநிலையே 35.2 டிகிரி என்று பதிவானது; ஜூன் 19 அன்று நகரத்தின் மின் தேவை 8,656 மெகாவாட் வரை ஏறியது. மயூர் விஹார் பேஸ்-1 பகுதியில், மூன்றாவது மாடியில், மேற்குப் பார்த்த படுக்கையறை எங்களுடையது. பகல் முழுவதும் வெயிலைக் குடித்த சுவர் இரவு பன்னிரண்டு மணிக்கும் கை வைத்தால் சுடும். அந்த வாரத்தில் ஓர் இரவு, அம்மா படுக்கப் போகும் நேரத்தில், ஏசி ஆன் ஆகவில்லை. அடுத்த மூன்று நாள்களில் நான் செய்த தவறுகளையும், அவற்றைத் திருத்தியவர்கள் காட்டித் தந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். பழுது என்னவோ ஒரு திருகின் அளவுதான். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் சுற்றிய சுற்றுத்தான் பெரியது.

எல்லோரையும் போல நானும் ரிமோட்டில்தான் தொடங்கினேன். பேட்டரியை மாற்றினேன். பிறகு ரிமோட்டின் முனையை மொபைலின் முன்பக்கக் கேமராவுக்கு நேராகப் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பார்த்தேன். ரிமோட் வேலை செய்தால், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி திரையில் வெளிர் ஊதாப் புள்ளியாக மின்னும். பல மொபைல்களின் பின்பக்கக் கேமரா அந்த ஒளியை வடிகட்டிவிடுவதால் முன்பக்கக் கேமராவில் பார்ப்பதே நல்லது. புள்ளி மின்னியது. அடுத்து, நாற்காலியில் ஏறி இன்டோர் யூனிட்டின் முன் மூடியைத் தூக்கி, ரிமோட் தொலைந்தால் பயன்படுத்துவதற்கென்று உள்ளே வைத்திருக்கும் சிறிய பொத்தானை அழுத்தினேன். அதற்கும் அசைவில்லை. இந்தப் பொத்தான் இருப்பதையே பலர் அறிந்திருப்பதில்லை. ரிமோட்டா, யூனிட்டா என்ற சந்தேகத்தை அது ஒரே அழுத்தில் தீர்த்துவிடும்.

இத்தனை செய்தவன், எதைச் செய்திருக்க வேண்டுமோ அதைச் செய்யவில்லை. சுவிட்சைப் போட்ட சிறிது நேரத்தில் ஏசி ஒரு ‘பீப்’ கொடுத்து, காற்றைத் திருப்பும் தகடு லேசாக அசைந்து மூடிக்கொள்வதைத் தினமும் பார்த்திருக்கிறேன். அந்தப் பீப் ஒலி, உள்ளே இருந்து ஏசியை இயக்கும் மின்னணுப் போர்டுக்கு மின்சாரம் வந்து சேர்ந்துவிட்டது என்பதற்கான ரசீது. அன்று அது வரவில்லை. பீப் வந்த பிறகு ஏசி ஓட மறுத்தால் குறையை யூனிட்டில் தேடலாம். பீப்பே வரவில்லை என்றால் முதலில் சுவரில் தேட வேண்டும். எங்கள் வீட்டில் ஸ்டெபிலைசர் திரைச்சீலைக்குப் பின்னால், கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. திரையை விலக்கி அதன் எண்கள் தெரிகின்றனவா என்று அந்த இரவில் நான் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. கூலரை இழுத்து ஜன்னலருகே வைத்து அம்மாவைப் படுக்கச் செய்தோம்.

மறுநாள் மாலை ஒரு மெக்கானிக் வந்தார். பிளக்கைப் பிடுங்கினார், டெஸ்டரைச் சாக்கெட்டின் ஒரு துளைக்குள் விட்டார், டெஸ்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. “லைன் டீக் ஹை” (லைன் சரியாக இருக்கிறது) என்றார். ஏசியைத் திறந்து இரண்டு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, “போர்டு உட் கயா சார், ஸ்டெபிலைசர் பீ உட் கயா” என்றார். ‘உட் கயா’ என்றால் பறந்துவிட்டது. டெல்லியில் மின் சாதனங்கள் கெட்டுப்போவதில்லை, பறந்துபோகின்றன. இரண்டும் வோல்டேஜ் ஏறியதில் பறந்துவிட்டன என்பது அவருடைய தீர்ப்பு. முந்தைய நாள் மாலை விளக்குகள் இரண்டு முறை மங்கி எரிந்ததை நானும் பார்த்திருந்ததால் அந்தத் தீர்ப்பை நம்புவதில் எனக்குத் தடை இருக்கவில்லை. புதுப் போர்டு 6,500 ரூபாய், பழையதைச் சரிசெய்தால் 3,500 ரூபாய், ஸ்டெபிலைசர் தனி என்று கணக்குச் சொன்னார். ‘சரிசெய்து பாருங்கள்’ என்று சொல்லி 500 ரூபாயை முன்பணமாகக் கொடுத்தேன். அவர் போர்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். கழற்றுவதற்கு முன் ஒயர்கள் இருந்த இடத்தைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும் என்ற புத்திகூட எனக்கு அப்போது வரவில்லை.

அன்று இரவு படிக்கட்டில் அண்ணாச்சியைப் பார்த்தேன். நாகர்கோவில்காரர், ரயில்வேயின் மின் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கீழ்த்தளத்தில் குடியிருக்கிறார். ‘அம்மா எப்படித் தூங்குகிறார்’ என்று கேட்டவரிடம் கதையைச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “ஸ்டெபிலைசர்ல நம்பர் தெரியுதா?” என்றார். “இல்லை அண்ணாச்சி, அதுவும் போய்விட்டதாம்” என்றேன். “டிவி, பிரிட்ஜ்?” “அவையெல்லாம் ஓடுகின்றன.” அவர் சிரித்தார். “ரெண்டு பேரும் ஒண்ணாப் பட்டினி கிடக்காங்கன்னா, முதல்ல அடுப்பைப் போய்ப் பாருய்யா” என்றபடி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு ஏறிவந்துவிட்டார்.

அவர் சொன்னதில் இருக்கும் தர்க்கத்தை நான் பிறகு பலமுறை பயன்படுத்தியிருக்கிறேன். வோல்டேஜ் ஏறி இரண்டு சாதனங்கள் ஒரே நேரத்தில் பழுதாவது நடக்கக்கூடியதுதான். ஆனால் வீடு முழுவதற்கும் ஒரே பேஸிலிருந்து (மின்சாரத்தைக் கொண்டுவரும் கம்பியிலிருந்து) மின்சாரம் வரும்போது, அந்த அதிர்ச்சி ஸ்டெபிலைசரையும் அதற்குப் பின்னால் பாதுகாப்பாக இருக்கும் ஏசியையும் மட்டும் தேடிப் பிடித்து அடித்துவிட்டு, ஸ்டெபிலைசரே இல்லாத டிவியை விட்டுவைத்தது என்றால் அதை நம்புவதற்கு முன் வேறொன்றைச் சோதிக்க வேண்டும். ஸ்டெபிலைசருக்கும் ஏசிக்கும் பொதுவாக இருப்பது அந்த ஒரு சாக்கெட்தான்.

அண்ணாச்சி சாக்கெட்டைத் தொடவில்லை. முகத்தை அருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு என்னை மோந்து பார்க்கச் சொன்னார். மீன் கருகியதைப் போன்ற மெல்லிய வாடை. அது எங்களுக்குப் புதிய வாடை இல்லை. பத்து நாள்களாகவே அம்மா, “ஏய்யா, எங்கேயோ பல்லி செத்துக் கிடக்கு” என்று சொல்லிக்கொண்டிருந்தார். நாங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பீரோவை நகர்த்தி, கட்டிலுக்கு அடியில் டார்ச் அடித்து, இல்லாத பல்லியைத் தேடியிருந்தோம். சாக்கெட்டுகளும் சுவிட்சுகளும் செய்யப் பயன்படும் சிலவகைப் பிளாஸ்டிக் சூடேறினால் இந்த வாடைதான் வரும். மின்சாரச் சாமானுக்கு அருகில் காரணம் தெரியாத மீன் வாடை வந்தால் பல்லியைத் தேடுவதற்கு முன் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பதை நாங்கள் இப்படித்தான் கற்றோம்.

அடுத்து மேஜை விளக்கைக் கொண்டுவரச் சொன்னார். எங்களுடையது பெரிய பிளக்கும் சிறிய பிளக்கும் பொருந்தும் சாக்கெட் என்பதால் விளக்கைச் செருக முடிந்தது. அது எரியவில்லை. அதே விளக்கைக் கூடத்தில் செருகினால் எரிந்தது. 500 ரூபாய் முன்பணம் கொடுத்துக் கண்டுபிடிக்காததை 9 வாட் பல்பு கண்டுபிடித்துவிட்டது. ஆனால் என் மனம் டெஸ்டரிலேயே நின்றது. “டெஸ்டர் எரிந்ததே அண்ணாச்சி, நானே பார்த்தேனே” என்றேன்.

டெஸ்டர் எரிவதற்கும் மின்சாரம் பாய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அவர் அன்று விளக்கினார். டெஸ்டருக்குள் ஒரு சிறிய நியான் குமிழும், அதனுடன் தொடராக ஏறத்தாழ பத்து லட்சம் ஓம் தடையும் இருக்கின்றன. ஒரு மில்லி ஆம்பியரிலும் சிறு பங்கு மின்னோட்டம், நம் விரல் வழியாகவும் உடல் வழியாகவும் தரைக்குப் போவதற்குள் அந்தக் குமிழ் எரிந்துவிடும். அதாவது, பேஸ் கம்பியில் அழுத்தம் இருக்கிறது என்பதை மட்டுமே டெஸ்டர் சொல்கிறது. ஒன்றரை டன் ஏசி ஓடும்போது ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். அத்தனையையும் அந்தக் கம்பி தாங்கிக் கொண்டுவருமா என்பதை டெஸ்டர் சொல்லாது. போன மின்சாரம் திரும்பிவர நியூட்ரல் இருக்கிறதா என்பதைச் சொல்லவே சொல்லாது. குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் எட்டிப் பார்த்தால் தொட்டி நிறைந்திருக்கிறது என்று முடிவு கட்டுவதைப் போலத்தான் நாங்களும் அந்த மெக்கானிக்கும் முடிவு கட்டியிருந்தோம்.

அந்த இரவே சாக்கெட்டைத் திறந்துவிடலாம் என்று நான் ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். அண்ணாச்சி அதைக் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டு, அந்த லைனுக்கான எம்.சி.பி.யை (மின்னோட்டம் மீறினால் தானே விழும் சுவிட்சை) இறக்கிவிட்டு, காலையில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சொன்னார். நாற்பது ஆண்டுகள் மின்சாரத்தோடு வேலை செய்தவர் இரவு பத்து மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் அதைத் திறக்க விரும்பவில்லை என்பதை நான் கவனித்துக்கொண்டேன்.

காலையில் வந்த எலக்ட்ரீஷியன் பெரியவர், கோரக்பூர்ப் பக்கத்துக்காரர், குறைவாகப் பேசுபவர். சாக்கெட்டைப் பலகையிலிருந்து கழற்றித் தொங்கவிட்டு, மேஜை விளக்கை அதில் செருகி, சுவிட்சைப் போட்டு, டெஸ்டரை நியூட்ரல் முனையில் வைத்தார். டெஸ்டர் எரிந்தது. நியூட்ரலில் டெஸ்டர் எரியக் கூடாது என்பது எனக்கே தெரியும். விளக்கின் வழியாக வந்த பேஸ், திரும்பிப் போக வழியில்லாமல் நியூட்ரல் முனையில் வந்து நின்றுகொண்டிருந்தது. முந்தைய மெக்கானிக் இந்த இரண்டாவது சோதனையைச் செய்திருந்தால் ஏசியைத் திறந்தே இருக்க மாட்டார். (இது பழகியவர்கள் செய்ய வேண்டிய சோதனை, திறந்த சாக்கெட்டில் சுவிட்சைப் போடுவது வீட்டுக்காரர் வேலை இல்லை.)

மெயினை அணைத்துவிட்டு அவர் வெளியே எடுத்துக் காட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. நியூட்ரல் கம்பியின் கறுப்பு உறை மூன்று அங்குல நீளத்துக்குப் பொரிந்து, நகத்தால் சுரண்டினால் அப்பளம்போல் உடைந்தது. உள்ளே செம்பு தன் நிறத்தை இழந்து கரும்பழுப்பாகி, முனையில் ஊசிபோல் மெலிந்து ஒடிந்திருந்தது. சாக்கெட்டின் பித்தளை முனையில் திருகு தானாகவே ஆடியது. சாக்கெட்டின் முகப்பிலோ, வெளியிலிருந்து பார்த்தால், ஒரு துளையைச் சுற்றி தேநீர்க் கறை அளவுக்கு ஒரு மஞ்சள் மட்டுமே தெரிந்திருக்கும். அதையும் பிளக் மறைத்துக்கொண்டிருந்தது.

திருகு ஏன் தளர்ந்தது என்று கேட்டேன். ஏசி ஓடும்போது முனை சூடாகிறது, நின்றால் ஆறுகிறது. உலோகம் விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி, முதலில் சரியாக முடுக்காத திருகு ஆண்டுகள் போகப்போக நெகிழ்ந்துகொடுக்கிறது. நெகிழ்ந்த இணைப்பில் தடை கூடுகிறது. தடை கூடினால் சூடு கூடுகிறது. சூடு கூடினால் இன்னும் நெகிழ்கிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது. எட்டு ஆம்பியர் ஓடும் இடத்தில் ஒரே ஓர் ஓம் தடை இருந்தாலும் எட்டெட்டு அறுபத்து நான்கு வாட் சூடு அங்கே பிறக்கிறது. பழைய அறுபது வாட் குண்டு பல்பைக் கையால் தொட்டுப் பார்த்தவர்கள், அதை மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்துத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் இரவு முழுவதும் எரியவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப்பார்க்கலாம். கம்பி ஒடிந்து ஏசி நின்றது எங்கள் நல்ல நேரம்.

‘இவ்வளவு நடந்தும் எம்.சி.பி. ஏன் டிரிப் ஆகவில்லை’ என்று என் மனைவி கேட்டது சரியான கேள்வி. அளவுக்கு மீறிய மின்னோட்டத்தைக் கண்டால் மட்டுமே எம்.சி.பி. விழும். தளர்ந்த இணைப்பு மின்னோட்டத்தைக் கூட்டுவதில்லை, குறைக்கத்தான் செய்கிறது. தரைக்குக் கசிவு எதுவும் இல்லாததால் கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் பேசாமல் இருக்கும். ஆகவே இரண்டும் இருக்கின்றன என்ற தைரியத்தில் சூடான பிளக்கை அலட்சியம் செய்யக் கூடாது. ஏசி ஓடி அரை மணி நேரம் ஆன பிறகு, சுவிட்சை அணைத்து, பிளக்கின் உடலைப் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது இப்போது எங்கள் வீட்டு வழக்கம். வெதுவெதுப்பு இருக்கலாம், கையை எடுக்கத் தோன்றினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்.

பெரியவர் கருகிய பகுதியை வெட்டி எறிந்து, நல்ல செம்பு தெரியும்வரை உறையைச் சீவி, பழைய சாக்கெட்டுக்குப் பதிலாக எம்.சி.பி.யோடு சேர்ந்து வரும் 20 ஆம்பியர் ஏசி பாக்ஸைப் பொருத்தினார். பிளக்கும் உள்ளே பழுப்பேறியிருந்ததால் அதையும் மாற்றினார். சாக்கெட்டை மட்டும் மாற்றிப் பழைய பிளக்கைச் செருகினால் புதுச் சாக்கெட்டும் ஒரே கோடையில் கருகிவிடும் என்றார். சுவருக்குள் ஓடிய கம்பி 2.5 சதுர மில்லிமீட்டர். ஒன்றரை டன் ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் இருந்தால் நிம்மதி என்று சொல்லிவிட்டுப் போனார். அதை அக்டோபரில் மாற்றினோம். அன்றைய வேலைக்குச் சாமானும் கூலியும் சேர்த்து 1,150 ரூபாய் ஆயிற்று.

சுவிட்சைப் போட்டதும் ஸ்டெபிலைசரில் 214 என்ற எண் பளிச்சென்று தெரிந்தது. பறந்துபோனதாகச் சொல்லப்பட்ட ஸ்டெபிலைசர் பறக்காமல் அங்கேயே இருந்தது. ஆனால் ஏசியின் வயிற்றில் போர்டு இல்லை. மின்சாரம் வந்தது, போர்டு வரவில்லை. அம்மாவுக்கு இன்னோர் இரவும் கூலர்தான்.

போர்டைத் திருப்பிக் கேட்டபோது, ‘ரிப்பேர் முடிந்துவிட்டது, 3,500 ரூபாய்’ என்று பதில் வந்தது. கொண்டுவரச் சொன்னேன். பையிலிருந்து எடுத்த போர்டை அண்ணாச்சி வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். ஐந்து கோடைகளின் மெல்லிய சாம்பல்நிறத் தூசி அதன் மேல் ஒரே சீராகப் படிந்திருந்தது. பியூஸ், வோல்டேஜ் ஏறினால் முதலில் அடிபடும் வேரிஸ்டர், ரிலே எல்லாவற்றின் மேலும் அதே தூசி; பின்பக்கம் எங்கும் புது ஈயத்தின் மினுமினுப்பு இல்லை. “எந்த இடத்தில் வேலை நடந்தது, காட்டுங்கள்” என்று அண்ணாச்சி இந்தியில் பணிவாகக் கேட்டார். மெக்கானிக் போர்டை மாட்டிக் கொடுத்துவிட்டு, வந்து போன கூலிக்கு முன்பணம் சரியாகிவிட்டது என்று சொல்லிப் போய்விட்டார். அவர் ஏமாற்ற வந்தவரா, டெஸ்டரை நம்பிக் கெட்டவரா என்று எனக்கு இன்னும் தெளிவில்லை; முதல் நாள் இரண்டாவதாகவும், கடைசி நாள் முதலாவதாகவும் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து, எந்தப் பாகமும் வீட்டைவிட்டு வெளியே போவதற்கு முன் இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொள்கிறேன். மாற்றிய பழைய உதிரியைக் கையில் கொடுக்கும்படி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

போர்டை மாட்டி, சுவிட்சைப் போட்டு, எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். ஒன்றும் நடக்கவில்லை. “இன்னும் சரியாகலையே ஐயா” என்று அம்மா கவலைப்பட்டார். மூன்று நிமிடம் கழித்து ஸ்டெபிலைசர் ‘டக்’ என்றது. ஏசி பீப் என்றது. கம்ப்ரசர் நின்றதும் வாயு அழுத்தம் ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் இருக்கும். அது சமமாவதற்குள் மறுபடி இயக்கினால் மோட்டார் சுழல முடியாமல் திணறிப் பன்மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால்தான் இந்தத் தாமதத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். மின்வெட்டுக்குப் பிறகு ஏசி ஆன் ஆகவில்லை என்று சொல்லிச் சுவிட்சைத் தட்டித் தட்டிப் போடுகிறவர்கள், ஒவ்வொரு தட்டலிலும் அந்த மூன்று நிமிடத்தை முதலிலிருந்து தொடங்கவைக்கிறார்கள்.

வேறு காரணங்களாலும் எங்கள் ஏசி ஓடாமல் இருந்ததுண்டு. அவை சிறு கதைகள். பேரன் ரிமோட்டில் டைமரை வைத்துவிட்டதால் ஒருமுறை நின்றது. ரிமோட்டின் மூலையில் சிறு கடிகாரப் படம் தெரிந்ததைக் கவனித்த பிறகுதான் புரிந்தது. இன்னொரு மாலை, காலனி முழுவதும் ஏசிகள் ஓடும் நேரத்தில், வோல்டேஜ் மிகவும் தாழ்ந்து ஸ்டெபிலைசர் தானே ஏசிக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்திருந்தது. அதை மீறி நேரடியாக இணைக்காமல் காத்திருந்தோம், ஒன்பதரைக்கு வந்துவிட்டது. எம்.சி.பி. விழும்போது அதன் நெம்புகோல் சில நேரம் நடுவில் நிற்கும். அதை முழுவதும் கீழே அழுத்திய பிறகே மேலே தள்ள வேண்டும். ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். உடனே மறுபடி விழுந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது, இரண்டாவது முறை போடக் கூடாது. அடுத்த பிளாக்கில் ஒருவர் வீட்டில் அவுட்டோர் யூனிட்டின் போர்டில் நிஜமாகவே பல்லி இருந்தது.

இன்வெர்ட்டர் ஏசி வைத்திருப்பவர்கள் அந்த அவுட்டோர் யூனிட்டைத் தாங்களே திறக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன். அதன் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டர்கள் 300 வோல்ட்டுக்கு மேல் டி.சி. மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும். மெயினை அணைத்துச் சில நிமிடங்கள் ஆன பிறகும் அது அங்கேயே இருக்கக்கூடும். வீட்டுக்காரர் செய்யத்தக்கது பார்ப்பது, மோப்பம் பிடிப்பது, காது கொடுத்துக் கேட்பது, எந்த விளக்கு எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்று எண்ணி மெக்கானிக்கிடம் சொல்வது; அதற்கே பாதி வேலை முடிந்துவிடும்.

கோரக்பூர்ப் பெரியவர் அன்று கிளம்புவதற்கு முன், கூலி கேட்காமல், குளியலறைக்கு வெளியே இருக்கும் கீசர் பாயின்ட்டையும் பார்த்துவிடுவதாகச் சொன்னார். குளிர்காலம் முடிந்து நான்கு மாதமாக யாரும் தொடாத சாக்கெட் அது. மெயின் அணைந்தே இருந்தது. மூடியைக் கழற்றி நியூட்ரல் திருகில் ஸ்குரூ டிரைவரை வைத்துத் திருப்பினார். அது முக்கால் சுற்று உள்ளே போனது.